தலையணைக்குள் இருந்த ஹஜ் பணம்

1963-ஆம் ஆண்டு முடிவில் கோலாலம்பூரில் ஒரு புதிய கழகத்தின் பேரேட்டில் 1,281 பேருடைய கணக்கு இருந்தது. எல்லோரும் சேர்ந்து போட்டிருந்த தொகை சுமார் 46,600 வெள்ளி. தலைக்கு 36 வெள்ளிதான் தேறும். மலேசியா என்ற நாடு அந்த ஆண்டு செப்டம்பர் 16-ல் பிறந்தது. இந்தக் கழகம் பதினான்கு நாள் கழித்து, செப்டம்பர் 30-ல் கதவைத் திறந்தது. ஹஜ்ஜுக்குப் போக நினைப்பவர்கள் வட்டி கலக்காமல் காசு சேர்த்துவைக்க ஓர் இடம் வேண்டும் என்பதே அதன் நோக்கம். இன்று அதற்குப் பெயர் தாபோங் ஹாஜி. 90 லட்சம் பேருக்கு மேல் கணக்கு வைத்திருக்கிறார்கள். சேமிப்பு 9,000 கோடி ரிங்கிட்டைத் தாண்டி நிற்கிறது. இஸ்லாமிய நிதித்துறையின் வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1975-ல் தொடங்குவார்கள்: ஜித்தாவில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கி, துபாயில் இஸ்லாமிய வங்கி, பின்னால் எண்ணெய்ப் பணம், அறிஞர் மாநாடுகள், வட்டி பற்றிய நூல்கள். அந்த வரலாறு பொய்யில்லை. ஆனால் அது பணம் படைத்தவர்களின் பக்கத்திலிருந்து எழுதிய வரலாறு. சமயக் கடமை ஒன்று நவீன நிதி நிறுவனமாக உருமாறியது எப்படி என்று கேட்டால், நெல் விற்ற காசைத் தலையணைக்குள் தைத்துவைத்த மலாய் விவசாயியிடம் போக வேண்டியிருக்கிறது. வட்டி கூடுமா கூடாதா என்ற விவாதம் அங்கே கதவைத் திறந்துகொடுத்தது, உண்மைதான். உள்ளே நடந்த வேலை வேறு: என் காசு யார் கையில் இருக்கிறது, போய்ச் சேருவேனா, திரும்பி வரும்போது வீடு இருக்குமா என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் கண்டுபிடிப்பதுதான் அந்த வேலை.

நூறாண்டுக்கு முன்னால் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் ஓர் ஆள்தான். அவரை ஷேக் என்றார்கள். பினாங்கில் அச்சே தெருப் பள்ளிவாசலைச் சுற்றி இத்தகைய ஷேக்குகளும் முகவர்களும் கடை விரித்திருந்தார்கள். கெடா, பேராக், தென் சயாம், சுமத்ராவிலிருந்து வந்து இறங்குகிறவர்கள் அங்கே தங்கி, கப்பல் வரும்வரை காத்திருந்து, பயணச்சீட்டு வாங்கி, சமைத்துச் சாப்பிட அரிசியும் கருவாடும் கட்டிக்கொண்டு ஏறினார்கள். பணத்தை ஷேக்கிடம் கொடுத்துவைப்பார்கள். ரசீது அபூர்வம், நாணயமே ரசீது. பல ஷேக்குகள் நாணயமானவர்கள்தான், இல்லையென்றால் அந்தத் தெரு அத்தனை காலம் தழைத்திருக்காது. ஆனால் நாணயத்தை நம்பி நடக்கிற தொழிலில் நாணயம் தவறினால் கேட்க நாதியில்லை. கையில் காசு இல்லாதவர்களின் நிலை இன்னும் மோசம். ஜாவாவிலிருந்து வந்தவர்களில் பலர் பயணக் கட்டணத்தைச் சிங்கப்பூரில் கடனாகப் பெற்று, அதை அடைக்க ஜொகூரின் குக்குப்பில் அல்சாகோஃப் குடும்பத்தின் தோட்டத்தில் உழைத்தார்கள். மக்காவுக்குப் போய்வந்த புண்ணியத்தை ஆண்டுக்கணக்கில் கூலிவேலை செய்து அடைத்தவர்கள் அவர்கள்.

1880-ஆம் ஆண்டில் நடந்த ஒரு சம்பவம் இந்த ஏற்பாட்டின் அடித்தளம் எவ்வளவு மெலிந்தது என்பதைக் காட்டும். சிங்கப்பூர் அரபு வணிகர் குடும்பத்துக்குச் சொந்தமான ஜெட்டா என்ற நீராவிக் கப்பல், சிங்கப்பூரிலும் பினாங்கிலும் ஏறிய 953 ஹஜ் பயணிகளோடு அரபுக் கடலைக் கடந்துகொண்டிருந்தது. புயலில் கொதிகலன்கள் ஆட்டம் கண்டு உள்ளே தண்ணீர் ஏறியது. ஆகஸ்ட் 8-ஆம் தேதி வெள்ளைக்காரக் கப்பல் தலைவரும் அதிகாரிகளும் படகில் இறங்கிப் பயணிகளை நடுக்கடலில் விட்டுவிட்டுப் போனார்கள். வேறொரு கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு ஏடனில் சேர்க்க, கப்பல் மூழ்கிவிட்டதாக அவர்கள் சொன்னார்கள். அந்தச் செய்தியின் ஈரம் காயுமுன்னே, பயணிகள் உயிரோடிருக்க, ஜெட்டாவை அன்டெனோர் என்ற கப்பல் ஏடனுக்கு இழுத்துக்கொண்டு வந்தது. ஆங்கில இலக்கியம் இதிலிருந்து ஜோசப் கான்ராட்டின் ‘லார்ட் ஜிம்’ நாவலை எடுத்துக்கொண்டது. ஓடிப்போன அதிகாரியின் மனசாட்சி அதன் பொருளாயிற்று. அந்த 953 பேரின் மனசு நாவலுக்குத் தேவைப்படவில்லை. நம் கேள்விக்கோ அவர்கள்தான் முக்கியம். கட்டணம் வாங்கியவர் ஒருவர், கப்பல் ஓட்டியவர் வேறொருவர், வழிகாட்டி மூன்றாமவர். இடையில் ஏதாவது நேர்ந்தால் இவர்களில் எவர் தலையில் பொறுப்பு விழும் என்பது பயணிக்குத் தெரியாது.

காலனி அரசுகள் சும்மா இருந்தன என்று சொல்ல முடியாது. ஆனால் அவை ஹஜ்ஜை நோயாகவும் ஆபத்தாகவும் பார்த்தன. 1865-ல் ஹிஜாஸில் பரவிய காலரா ஐரோப்பாவை எட்டிய பிறகு, செங்கடல் முகப்பில் கமரான் தீவில் பயணிகளை இறக்கித் தடுத்துவைக்கும் நிலையம் 1882-ல் வந்தது. இந்திய அரசு 1886-ல் தாமஸ் குக் நிறுவனத்தை ஹஜ் பயணத்துக்கு அதிகாரபூர்வ முகவராக நியமித்துப் பார்த்தது. அந்த ஏற்பாடு பத்தாண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கப்பலில் ஆளுக்கு எத்தனை அடி இடம், எத்தனை படகு, மருத்துவர் உண்டா என்பதற்கெல்லாம் சட்டம் வந்தது. பயணியின் சேமிப்பு அந்தச் சட்டங்களின் கவலையாக இருக்கவில்லை. சமயச் சொத்தில் மட்டும் அரசு கை வைத்தது, அதற்குத் தமிழர் தொடர்புள்ள எடுத்துக்காட்டே இருக்கிறது. பினாங்கில் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் மொஹிதீன் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி 1801-ல் நிலம் விட்டது. நூற்றாண்டு முடிவதற்குள் அந்த வக்ஃப் நிலத்தில் கடையும் குடிசையும் முளைத்து, நிர்வாகம் சீர்குலைந்து, வழக்கும் புகாருமாக நின்றது. 1905-ல் ஒரு சட்டம் இயற்றி, முஸ்லிம், இந்து அறக்கட்டளைகள் இரண்டையும் கவனிக்க ஒரே வாரியம் ஏற்படுத்தினார்கள். நிலம் ஒழுங்குக்கு வந்தது, வாடகை பெருகியது. ஆனால் சொத்து யாருக்காக விடப்பட்டதோ அவர்களுக்கு அதில் பேச்சு குறைவு. மேலிருந்து வருகிற சீர்திருத்தம் கணக்கைச் சரிசெய்யும். பங்காளி என்ற உணர்வைத் தராது.

மலாயா விடுதலை பெற்ற இரண்டாம் ஆண்டு, 1959-ல், மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியல் அறிஞர் உங்கு அஜீஸ் ஓர் அறிக்கை எழுதினார். ஹஜ்ஜுக்குப் போகவிருப்பவர்களின் பொருளாதார நிலையை மேம்படுத்தும் திட்டம் என்பது அதன் சாரம். கிராம வறுமையை ஆராய்வதே அவருடைய தொழில். ஒரு வீட்டில் ஆளுக்கு எத்தனை சாரோங் இருக்கிறது என்று எண்ணி வறுமையை அளந்த மனிதர் அவர். புள்ளிவிவரம் அலமாரியிலிருந்து வரும் என்று தெரிந்தவர். அவர் கண்டது இது. கிராமத்து மலாய்க்காரர்கள் சேமிக்காதவர்கள் என்று ஆங்கில அதிகாரிகள் எழுதிவைத்தது பொய். அவர்கள் சேமித்தார்கள், தலையணையிலும் மெத்தையிலும் மூங்கில் குழாயிலும் மண்ணுக்கடியிலும். வங்கிக்கும் அஞ்சலகச் சேமிப்புக்கும் போகாமல் நின்றது வட்டி ஹராம் என்ற அச்சத்தால். இப்படி ஒளித்துவைத்த பணத்தைக் கரையான் தின்றது, திருடன் கொண்டுபோனான், விலைவாசி அரித்தது. போதாத தொகைக்கு நிலத்தையும் எருமையையும் விற்றார்கள். ஹாஜியாகத் திரும்பியவர் ஊரில் மரியாதை கூடி, உழுவதற்கு நிலமில்லாமல் நின்றார். சமயக் கடமையே வறுமைக்கு வாசலாகிவிட்டது என்பதுதான் அந்த அறிக்கையின் கூர்மை. அதற்கு அவர் சொன்ன பரிகாரம், கடமையைக் குறை என்பதல்ல; அந்தக் கடமைக்காகவே சேரும் பணத்தை உற்பத்தியில் இறக்கு என்பது.

இங்கேதான் மார்க்கத் தீர்ப்பு நுழைகிறது. அப்போது மலாயாவுக்கு வந்திருந்த எகிப்தின் அல்-அஸ்ஹர் மார்க்கக் கல்விக்கூடத்தின் தலைவர் ஷேக் மஹ்மூத் ஷல்தூத்திடம் திட்டத்தைக் காட்டி ஒப்புதல் வாங்கினார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. அஞ்சலகச் சேமிப்பில் கிடைக்கும் தொகையைப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஃபத்வா கொடுத்தவரும் இதே ஷல்தூத்தான். ஃபத்வா மட்டும் போதுமானால், மலாய் விவசாயி மறுநாளே அஞ்சலகத்துக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. நம் ஊரிலும் வங்கி வட்டியைத் தொடமாட்டேன் என்று எடுத்துக் கழிப்பறை கட்டக் கொடுத்துவிடுகிறவர்கள் இன்றுவரை உண்டு. அவர்கள் காதில் விழாத ஃபத்வாவா? மனம் ஒப்புகிற வடிவத்தில், கண் பார்க்கிற இடத்தில், தெரிந்த நோக்கத்துக்காக ஒரு நிறுவனம் நிற்கும்போதுதான் பணம் தலையணையை விட்டு வெளியே வந்தது. 1962-ல் சட்டம், அடுத்த ஆண்டு கழகம், பாஸ்புக். போட்ட பணம் பங்குகளிலும் நிலத்திலும் வணிகத்திலும் இறங்கும். லாபம் வந்தால் பங்கு வரும். இவ்வளவு சதம் என்று முன்கூட்டி வாக்குறுதி கிடையாது. வாங்கிச் சட்டைப்பையில் வைக்கக்கூடிய அந்தச் சிறு புத்தகம், ஷேக்கின் நாணயத்தை எழுத்தாக மாற்றியது.

இப்படிப் பெருமை பேசும்போது எகிப்தை மறக்கலாமா என்று ஒருவர் கேட்கலாம். நைல் கழிமுகத்து ஊரான மித் கம்ரில் அஹ்மத் அந்-நஜ்ஜார் என்பவர் ஜெர்மனியின் சேமிப்பு வங்கிகளைப் பார்த்துவந்து, வட்டியில்லாச் சேமிப்பகம் ஒன்றை அதே 1963-ல், கோலாலம்பூருக்கு இரண்டு மாதம் முந்தி, ஜூலையிலேயே தொடங்கிவிட்டார். முதலாவது யார் என்ற பந்தயத்தில் எனக்கு ஆர்வமில்லை. மித் கம்ர் முந்தியது, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அது 1967-க்குள் மூடப்பட்டது, ஏனென்று பார்ப்பது பயன் தரும். அதிபர் நாசரின் ஆட்சி சந்தேகப்படுமே என்று தன் இஸ்லாமிய முகத்தை அடக்கி வாசிக்க வேண்டிய நிலை அதற்கு. மலேசியாவில் அரசே பின்னால் நின்றது என்பது முதல் வேறுபாடு. இரண்டாவது வேறுபாட்டையே நான் பெரிதாக நினைக்கிறேன். மித் கம்ர் சேமிப்பையும் கடனையும் கொடுத்தது. கோலாலம்பூர் ஒரு பயணத்தைக் கொடுத்தது. 1951 முதல் பினாங்கில் இயங்கிய ஹஜ் விவகார அலுவலகத்தை 1969-ல் சேமிப்புக் கழகத்தோடு இணைத்தபோது, பணம் சேர்ப்பதும் கப்பலில் ஏற்றுவதும் ஒரே கூரையின் கீழ் வந்தன. கணக்கில் பணம் நிறைந்தவர் பெயரைப் பதிந்தால், மருத்துவப் பரிசோதனை, ஹஜ் வகுப்பு, கடவுச்சீட்டு, மக்காவில் தங்குமிடம், அங்கே மலேசிய மருத்துவர் என எல்லாம் அதே பாஸ்புக்கின் தொடர்ச்சியாக நடந்தன. 1970களில் கப்பல் போய் விமானம் வந்தபோதும் பயணியின் கையில் இருந்த புத்தகம் மாறவில்லை. ஜெட்டா கப்பலில் மூவர் கையில் சிதறிக்கிடந்த பொறுப்பு இங்கே ஒரே முகவரியில் குவிந்தது. நவீனம் என்பதற்கு எனக்குத் தெரிந்த எளிய விளக்கம் இதுதான்: புகார் கொடுக்க ஒரு முகவரி.

அதற்குப் பிறகு வந்தவை இந்த வேரில் கிளைத்தவை. 1983-ல் இஸ்லாமிய வங்கிச் சட்டம் இயற்றி, ஜூலை முதல் நாள் பேங்க் இஸ்லாம் தொடங்கியபோது, முதல் போட்டவர்களில் ஹஜ் நிதியமும் ஒன்று. அடுத்த ஆண்டு இஸ்லாமியக் காப்பீட்டுக்கான தக்காஃபுல் சட்டம். 1993-ல் மற்ற வங்கிகளும் வட்டியில்லாப் பிரிவு நடத்த வழி பிறந்தது. இன்று கோலாலம்பூர் உலக இஸ்லாமிய நிதித்துறையின் தலைநகர்களில் ஒன்று என்றால், அந்தப் பழக்கத்தை நாட்டுப்புறத்தில் இருபதாண்டு விதைத்தது ஹஜ் கணக்கு. துன் ரசாக் சாலையில் கட்டடக்கலைஞர் ஹிஜாஸ் கஸ்தூரி வடிவமைத்த தாபோங் ஹாஜியின் 38 மாடிக் கட்டடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: இடை சிறுத்த முரசுபோல் நிற்கும், சுற்றிலும் ஐந்து தூண்கள் இஸ்லாத்தின் ஐந்து கடமைகளைக் குறிக்கும். 36 வெள்ளிக்காரர்கள் எழுப்பிய கோபுரம் என்று அதைச் சொன்னால் மிகையில்லை. கோபுரம் உயர்ந்த பிறகுதான் சிக்கலும் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிக்கலுக்குப் போகுமுன் ஒரு பழைய ஆட்சேபம். ஆண்டுதோறும் தருகிற ஹிபாவும் வட்டியும் பெயரில்தானே வேறு? வட்டி முன்பே பேசி வைத்த கடன் கூலி. ஹிபா லாபம் கண்ட பிறகு அறிவிக்கிற பகிர்வு. ஜகாத்தைக் கழித்துவிட்டே அது கணக்கில் ஏறுகிறது. அது ஏறி இறங்கும் என்பதற்கு 2018-ல் 1.25 சதமாகச் சரிந்ததே சாட்சி. இதுவரை பதில் திடமானது. ஆனால் 1995-ஆம் ஆண்டுச் சட்டம், போட்ட முதலைத் திருப்பிக் கொடுக்க நிறுவனத்தால் முடியாமல் போனால் அரசே கொடுக்கும் என்று உத்தரவாதம் தருகிறது. லாபத்தில் பங்கு, நட்டத்தில் பங்கு இல்லை என்றால், கூட்டு வணிகம் என்ற வாதம் பாதி தளர்ந்துவிடுகிறது. விமர்சகர்கள் இந்த இடத்தில் சொல்வது சரியென்றே நினைக்கிறேன். ஒரு கிழவியின் ஹஜ் பணத்தைச் சந்தை தின்றுவிடக் கூடாது என்ற கவலையில் அந்த உத்தரவாதம் பிறந்தது. சித்தாந்தத் தூய்மையைவிடக் கிழவியின் பணம் முக்கியம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். வட்டித் தர்க்கம் இந்த நிறுவனத்தின் உயிர்நாடியாக இருந்ததில்லை என்ற என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

அரசு ஏகபோகம் என்ற குற்றச்சாட்டு இன்னும் கனமானது. அச்சே தெருவின் ஷேக்குகள் தொழிலை இழந்தார்கள். நூறாண்டு உறவுகள் ஓர் அலுவலகச் சன்னலுக்குள் அடங்கின. கோடிக்கணக்கில் குவிந்த சமயச் சேமிப்பு, ஆள்பவர்களின் பொருளாதாரத் திட்டங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. 2015-ல் கோலாலம்பூரின் துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் பகுதியில், கடனில் தத்தளித்த அரசு நிறுவனமான 1எம்டிபியிடமிருந்து தாபோங் ஹாஜி 18.85 கோடி ரிங்கிட்டுக்கு ஒரு துண்டு நிலம் வாங்கியது வெளிவந்தபோது ஊரே கொந்தளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மத்திய வங்கி, கையிருப்பு குறைந்துவருவதாக எச்சரித்துக் கடிதம் எழுதியது. 2018-ல் புதிய ஆட்சி கணக்கைத் திறந்தபோது, முந்தைய ஆண்டு முடிவில் கடப்பாடு 7,440 கோடி, சொத்து 7,030 கோடி. 410 கோடி ரிங்கிட் பள்ளம். சொத்தைவிடக் கடப்பாடு கூடினால் லாபப் பங்கு தரக்கூடாது என்பது அதன் சட்டம். ஆனாலும் ஆண்டுதோறும் ஹிபா தாராளமாகவே அறிவிக்கப்பட்டு வந்திருந்தது. 1,990 கோடி மதிப்பிட்ட நலிந்த சொத்துகளை அரசின் தனி நிறுவனம் ஒன்று எடுத்துக்கொண்டு அதைத் தூக்கி நிறுத்தியது. பின்னால் 2014 முதல் 2020 வரையிலான நிர்வாகத்தை அரச விசாரணை ஆணையம் ஆராய்ந்தது.

ஆக, தோற்றுப்போன முயற்சிதானே என்றால், எது தோற்றது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2018 வரையிலான அந்த நெருக்கடி ஆண்டுகளிலும் ஹஜ் பயணிகள் குறித்த நாளில் கிளம்பினார்கள், தங்குமிடம் கிடைத்தது, திரும்பி வந்தார்கள். தள்ளாடியது பயணச் சேவையல்ல, முதலீட்டு நிதியம் என்ற வேடம். நீண்டநாள் காத்திருக்கிற சிறு பணம் என்ற அடையாளத்தை மறந்து, மற்ற நிதியங்களைப்போல் அதிக ஹிபா காட்டியாக வேண்டும் என்று ஓடியபோது கால் இடறியது. 2015-ல் கொந்தளித்தவர்களின் குரலையும் கவனிக்க வேண்டும். இது எங்கள் ஹஜ் பணம் என்றுதான் அவர்கள் பேசினார்கள். நிலத்தை விற்கப்போவதாக நிர்வாகம் சொல்ல நேர்ந்ததும் அந்தக் குரலால்தான். 1905-ன் வக்ஃப் வாரியத்தை அப்படி உரிமையோடு அதட்டப் பயனாளிகளுக்கு அவ்வளவு இடமிருக்கவில்லை. பாஸ்புக் பணத்தைக் காத்ததோடு நிற்கவில்லை. கேள்வி கேட்கிற உடைமையாளனையும் வளர்த்தது. மேற்பார்வையை மத்திய வங்கியிடம் முழுமையாக, சட்டப்படி ஒப்படைப்பதே மிச்சமிருக்கும் வேலை என்பது என் முடிவு.

இன்னொரு முரண் மட்டும் தீர்வில்லாமல் நிற்கிறது. வசதியும் உடல்வலுவும் உள்ளவர்க்கே ஹஜ் கடமை. ஆனால் 2019-ல் ஒரு பயணிக்கு ஆன செலவு 22,900 ரிங்கிட், முதல்முறை போகிறவர் கட்டியது 9,980 மட்டுமே. மீதியை நிறுவனம் சுமந்தது. பிறகு வருமானத்துக்கேற்ற கட்டணம் என்று மாற்றினார்கள். ஏழையையும் அனுப்ப வேண்டும் என்ற ஆசையும், இயலாதவருக்குக் கடமையில்லை என்ற சலுகையும் ஒன்றையொன்று இடிக்கின்றன. சேமிப்பை அவ்வளவு எளிதாக்கியதன் விளைவு வரிசையில் தெரிகிறது. சவூதி அரசு பத்து லட்சம் முஸ்லிம்களுக்கு ஆயிரம் பேர் என்று இடம் ஒதுக்குகிறது. மலேசியாவுக்குக் கிடைப்பது ஆண்டுக்கு 31,600. கணக்கில் 1,300 ரிங்கிட் இருந்தால் பெயரைப் பதியலாம். இன்று பிறந்த குழந்தைக்கு இன்றே பதிந்தாலும் முறை வர நூறாண்டுக்கு மேல் ஆகும். பெற்றோர்கள் அது தெரிந்தே பதிகிறார்கள்.